பெட்டியைப் பிடுங்கும் முன் பதிவேட்டைப் புரட்டுங்கள்

எங்கள் கல்லூரியின் செயலர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

புவியியல் துறைக் கட்டடத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் நிற்கிற வானிலைப் பெட்டியையும் மழைமானியையும் இந்தக் கோடை விடுமுறையில் எடுத்துவிட்டு, அங்கே தளக்கல் பாவி இருசக்கர வாகன நிறுத்தம் அமைக்கப்போவதாகச் சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள். அதில் 'பயன்பாட்டில் இல்லாத பழைய உபகரணங்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழையவை என்பது சரி. பயன்பாட்டில் இல்லாதவை என்பது தவறு. சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று காலை எட்டரை மணிக்கும் அந்தப் பெட்டி திறக்கப்பட்டு நான்கு வெப்பமானிகளும் படிக்கப்பட்டிருக்கின்றன. நான் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 1990 முதல் 2019 வரை அந்த வேலையைச் செய்தவன் நான். எனக்குப் பின் வந்த தம்பி இப்போது செய்கிறார். எனக்கு முன்னால் இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். முதல் பதிவேட்டின் முதல் வரி 1972 ஜூலையில் தொடங்குகிறது.

போன வாரம் மனு எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன். உட்காரச் சொன்னீர்கள், டீ வந்தது, நன்றி. ஆனால் அந்த அறையில் இரண்டு பேச்சுகள் வந்தன. ஓர் உறுப்பினர், "செல்போன்லயே டெம்பரேச்சர் வருதே, இதுக்கு ஒரு பெட்டி, ஒரு ஆளா?" என்றார். இன்னோர் உறுப்பினர் இயற்பியல் படித்தவர், நான் மதிக்கிறவர். அவர் சொன்னது வேறு மாதிரி: "உலகம் சூடாகுதுன்னு சொல்றதே தெர்மாமீட்டர் வச்ச இடத்தோட கோளாறு. ஊரைச் சுத்தித் தார் போட்டான், ஏசி வச்சான், அது சூடு காட்டுது. நம்ம பெட்டியே அதுக்கு சாட்சி." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். குழுவில் பாதிப்பேர் அதைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் புறாக்கூண்டு மாதிரி இருக்கும். பையன்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1860களில் வடிவமைத்தது. நாலு கால், நாலு பக்கமும் சாய்வாக அடுக்கிய பலகைகள், வெள்ளை பெயின்ட், வடக்குப் பார்த்த கதவு. வெயில் உள்ளே விழக்கூடாது, காற்று மட்டும் போய்வர வேண்டும். உள்ளே வெப்பமானிகள் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கும். 'நிழலில் எவ்வளவு' என்று நாம் கேட்கிறோமே, அந்த நிழலை உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கிவைத்த பெட்டி அது. கொடைக்கானலில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் அதே நிழல்.

உள்ளே நான்கு வெப்பமானிகள். ஒன்று அந்த நேரத்து வெப்பத்தைக் காட்டும். இன்னொன்றின் குமிழில் மஸ்லின் துணி சுற்றித் தண்ணீரில் திரி போட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் அதில்தான் தெரியும். துணி அழுக்கானால் அளவு தப்பிவிடும், அதனால் வாரம் ஒருமுறை மாற்றுவேன். அதற்கான டிஸ்டில்டு வாட்டரை பேட்டரிக் கடையில் என் கைக்காசில் வாங்கிய மாதங்கள் உண்டு. மூன்றாவது, நாளின் உச்ச வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பாதரச வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி, படித்த பின் உதறி இறக்க வேண்டும். நாலாவது ராத்திரியின் குறைந்த அளவைக் காட்டும் ஆல்கஹால் வெப்பமானி. அதற்குள் எறும்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு குறியூசி கிடக்கும். குளிர ஆரம்பித்தால் ஆல்கஹால் சுருங்கி ஊசியை இழுத்துக்கொண்டு போகும்; விடிந்து சூடேறும்போது ஊசி அங்கேயே தங்கிவிடும். ஊசியின் எந்த முனையைப் படிப்பது என்பதைத்தான் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தார்கள். குமிழுக்குத் தள்ளி இருக்கும் முனையை, கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். குனியாமல் நின்றபடி பார்த்தால் அரை டிகிரி போய்விடும்.

இது பெரிய வித்தை இல்லை. ஆனால் தினமும் செய்ய வேண்டும். தீபாவளி அன்றும், பொங்கல் அன்றும், மகள் கல்யாணத்தன்றும்.

ஒரே ஒரு நாள் நான் தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 1994 நவம்பர், அடைமழை. வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. மறுநாள் வந்து முந்தின நாள் கட்டத்தில் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதினேன். அப்போதைய துறைத்தலைவர் சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தார். மழைமானியில் இரண்டு நாள் தண்ணீரும் சேர்ந்து கிடந்திருக்கிறது, அதிலேயே பிடித்துவிட்டார். திட்டவில்லை. சிவப்பு மையை என் கையில் கொடுத்து, குறிப்புப் பத்தியில் எழுதச் சொன்னார்: 'இந்த அளவு பார்த்து எழுதியது அல்ல.' அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் தெரியும். பார்க்காத நாளைக் காலியாக விடு, காலி இடம் பொய் சொல்லாது என்றார். அதன் பிறகு வந்த காலிக் கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருக்கின்றன.

இப்போது செல்போன் கேள்விக்கு வருகிறேன். செல்போனுக்குள் நம் ஊர்க் காற்றை அளக்கும் கருவி எதுவும் இல்லை ஐயா. அது எங்கோ இருக்கும் ஒரு கணினியிலிருந்து வாங்கிக் காட்டுகிறது. அந்தக் கணினி, அங்கங்கே நிலத்திலும் கடலிலும் வானத்திலும் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இடங்களுக்குக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டால் நிரப்புவதற்குக் கைப்பிடியே இல்லாமல் போகும். அதோடு, 1983 மே மாதத்தில் இந்த வளாகத்தில் ராத்திரி எவ்வளவு என்று ஆப்பில் கேட்டுப்பாருங்கள். நம் பதிவேட்டில் இருக்கிறது.

இரண்டாவது உறுப்பினர் சொன்னதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

நம் பெட்டி நல்ல இடத்தில் இல்லை. அதை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. உலக வானிலை அமைப்பின் தர வகைப்பாட்டில் முதல் தரம் வேண்டுமானால், சூட்டைக் கக்கும் எதுவும் 100 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. நாம் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. 1996இல் புயல் காற்றில் கிழக்கே நின்ற வேப்பமரம் விழுந்தது. 2004இல் மோட்டார் அறை வந்தது. 2013இல் கணினி ஆய்வகத்துக்கு ஏசி போட்டார்கள். வெளியே மாட்டிய இரண்டு யூனிட்டும் பெட்டியைப் பார்த்து அனலை ஊதுகின்றன. அந்த நாள்களில் எல்லாம் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, எந்தத் திசை, எத்தனை அடி. ஏசியைத் திருப்பி மாட்டச் சொல்லி அப்போதே எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஆக, உறுப்பினர் ஐயா கோளாறு என்று சொன்னாரே, அந்தக் கோளாறில் ஒரு பங்கு நிர்வாகம் வைத்தது.

சரி, கோளாறான அளவுகளை வைத்து உலகம் சூடாகிறதென்று எப்படிச் சொல்கிறார்கள்?

அங்கன்வாடியில் குழந்தைக்கு மாதாமாதம் எடை பார்ப்பார்கள். தராசு அரைக்கிலோ கூடக் காட்டுகிறது என்று வையுங்கள். அதே தராசில் எல்லா மாதமும் பார்த்தால், குழந்தை தேறியிருக்கிறதா இல்லையா என்பது தப்பாமல் தெரிந்துவிடும். வம்பு எங்கே வருமென்றால், நடுவில் தராசை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும்போதுதான். உலக வெப்பநிலைக் கணக்கும் இந்த வழிதான். ஊட்டியையும் வேலூரையும் கூட்டி இரண்டால் வகுத்து யாரும் சராசரி போடுவதில்லை. அது அர்த்தமில்லாத எண். ஊட்டி தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, வேலூர் தன்னுடையதிலிருந்து எவ்வளவு என்று அந்தந்த இடத்தை அதோடேயே ஒப்பிட்டு, அந்த விலகல்களைத்தான் சேர்க்கிறார்கள். பெட்டி உத்தமமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதைவிட, மாறாமல் இருக்க வேண்டும், மாறினால் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எழுதி வைக்காவிட்டாலும் ஓரளவு கண்டுபிடிக்கிறார்கள். சுற்றி இருக்கும் ஏழெட்டு ஊர்ப் பெட்டிகள் ஒரே சீராகப் போகும்போது நம் பெட்டி மட்டும் 2013இல் திடீரென்று ஏறினால், கணக்குப் போடும் நிரல் அங்கே ஒரு முறிவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். நம்முடைய சிவப்பு மை அதற்குக் காரணம் சொல்லும். ஏசி. தேதியோடு.

உறுப்பினர் ஐயா எழுப்பிய சந்தேகம் புதியதும் இல்லை. 2007இல் அமெரிக்காவில் அந்தோணி வாட்ஸ் என்ற முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் இதையேதான் கேட்டார். சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. தன்னார்வலர்களைத் திரட்டி நாடு முழுக்க நிலையங்களைப் போய்ப் படம் எடுக்கச் சொன்னார். படங்களைப் பார்த்தால் நம் பெட்டி தேவலாம் என்று தோன்றும்: ஏசி வாய்க்கு நேரே ஒன்று, கார் நிறுத்தத்தில் ஒன்று, குப்பை எரிக்கும் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒன்று. பெரும்பாலான நிலையங்கள் மோசமான இடத்தில்தான் இருந்தன. அந்த உழைப்புக்கு நான் கும்பிடு போடுகிறேன். அப்புறம் 2011இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். மோசமான இடங்களில் குறைந்தபட்ச வெப்பநிலையின் ஏற்றம் கூடுதலாகவும், அதிகபட்சத்தின் ஏற்றம் குறைவாகவும் பதிவாகியிருக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சராசரியின் போக்கு நல்ல நிலையத்திலும் மோசமான நிலையத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அவர் நினைத்தது அதுவல்ல. ஆனால் கணக்கு அப்படி வந்தது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் இருக்கிறார். நம் உறுப்பினர் ஐயாவின் துறைக்காரர். அவரும் பழைய கணக்குகளை நம்பவில்லை. 30,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை எடுத்து, புதிய முறையில் முதலிலிருந்து போட்டார். நிதி தந்தவர்களில் எண்ணெய்த் தொழில் பெரும்பணக்காரர் ஒருவரின் அறக்கட்டளையும் உண்டு. நகரத்துச் சூட்டைத் தனியே பிரித்துப் பார்த்தார். அது விடையை மாற்றவில்லை. 2012இல், என் சந்தேகம் தீர்ந்தது, வெப்பமாதல் உண்மை, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதன்தான் என்று பத்திரிகையில் எழுதினார்.

இன்னொருவர் செய்தது என்னைப் போன்றவனுக்கும் விளங்குகிற யுக்தி. பிரிட்டன் வானிலைத் துறையின் டேவிட் பார்க்கர் 2004இல் செய்தது. ஊரின் சூடு காற்றில்லாத ராத்திரியில்தான் தேங்கி நிற்கும். மொட்டை மாடியில் படுக்கிறவர்களுக்கு இது தெரியும். காற்று வீசினால் அந்தச் சூடு போய்விடும். அப்படியானால், உலகம் சூடாவதாகத் தெரிவது வெறும் ஊர்ச்சூடுதான் என்றால், காற்றில்லாத ராத்திரிகளில் ஏற்றம் அதிகமாகவும் காற்றடிக்கும் ராத்திரிகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். அவர் பிரித்துப் பார்த்தார். இரண்டு வகை ராத்திரிகளிலும் ஏற்றம் ஒன்றாகவே இருந்தது.

கடலில் ஏது ஏசி என்று நான் கேட்டால் குதர்க்கம் என்பீர்கள். ஆனால் பூமியில் 71 சதவீதம் கடல். அங்கேயும் அளவுக் கோளாறு இருந்தது என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு வெப்பமானியை முக்குவார்கள். முதலில் மரவாளி, பிறகு கித்தான் வாளி. மேலே தூக்குவதற்குள் கித்தான் வாளித் தண்ணீர் காற்றில் ஆறிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. பின்னால் இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரை அளக்க ஆரம்பித்தார்கள். அது கொஞ்சம் சூடு. இதைத் திருத்தாமல் விட்டால் பழைய கடல் உண்மையைவிடக் குளிர்ச்சியாகவும், அதனால் இன்றைய வெப்பமாதல் உண்மையைவிடப் பெரிதாகவும் தெரியும். விஞ்ஞானிகள் பழைய கடல் அளவுகளைத் திருத்தி ஏற்றினார்கள். நிலத்துத் திருத்தங்கள் ஏற்றத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன. ஆனால் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்திய பிறகு உலகம் சூடான அளவு குறைகிறதே தவிரக் கூடவில்லை. எண்களைத் தட்டிக்கொட்டிச் சூட்டை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை.

இவ்வளவும் சொன்னதால் அளக்கிறவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறையச் செய்வார்கள். 1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவில் அல் அசீசியா என்ற இடத்தில் 58 டிகிரி பதிவானது. 90 வருஷம் அதுதான் உலகச் சாதனை. பொது அறிவுப் புத்தகத்தில் நானே மனப்பாடம் செய்திருக்கிறேன். 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது சாதனைக்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்து மாறியிருந்ததாம். புது ஆள், அநேகமாகக் குறியூசியின் தவறான முனையைப் படித்திருக்கிறார். அந்தக் கருவி இருந்த இடமும் பாலைவன மண் இல்லை, தார் போன்ற ஒரு தரை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு என் 1994 நவம்பர் நினைவுக்கு வந்தது. அந்த ஆளும் என்னைப் போல ஒருவன்தானே. பதிவேடு பத்திரமாக இருந்ததால்தான் 90 வருஷம் கழித்தும் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் தானியங்கி நிலையம் ஒன்று 52.9 டிகிரி என்று காட்டியது. எல்லாச் சேனலிலும் அதுதான் செய்தி. அதே நாளில் டெல்லியின் முதன்மை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆளனுப்பி, தரமான கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முங்கேஷ்பூர் உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்தது. எப்படித் தெரிந்தது? ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான வேறு கருவி இருந்ததால் தெரிந்தது. ஓர் எண் தவறு என்று சொல்லவும் இன்னொரு பெட்டி வேண்டியிருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், 52.9 என்று எவர் சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதான், இல்லை என்று எவர் சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதான்.

என் வாதம் இவ்வளவே. புவி வெப்பமாதலை நம்புகிறவருக்கு நம் பதிவேடு வேண்டும். நம்பாதவருக்கு அதைவிட அதிகமாக வேண்டும். வரவுசெலவில் சந்தேகம் இருக்கிறவர் கணக்கு நோட்டைக் கொண்டுவா என்பார். நோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்து என்று சொல்ல மாட்டார்.

நானும் நம் பதிவேட்டை வைத்துக்கொண்டு, நம் ஊர் இத்தனை டிகிரி சூடாகிவிட்டது என்று ஓர் எண்ணைச் சொல்லப் போவதில்லை. வேப்பமரத்தையும் மோட்டார் அறையையும் ஏசியையும் கழிக்காமல் அப்படிச் சொன்னால் அதுவும் பார்க்காமல் எழுதியதுதான். கழிக்கத் தெரிந்தவர்கள் கழித்துச் சொல்லட்டும். உலகக் கணக்கு தனியாக இருக்கிறது: 2024இல் புவியின் சராசரி, 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்கிறது. இந்தியாவிலும் 1901இல் தொடங்கும் பதிவுகளில் அதுதான் மிக வெப்பமான ஆண்டு. பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று தனித்தனிக் குழுக்கள் தனித்தனி முறையில் போட்டு, பத்தில் ஒரு டிகிரி முன்பின்னாக ஒரே இடத்துக்கு வருகிறார்கள். அந்தக் கணக்கின் அடியில் இருப்பது, எங்கோ ஒரு ஊரில் காலையில் யாரோ கதவைத் திறந்து எழுதிய எண்கள்.

1938இல் கை கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், கணினி எதுவும் இல்லாத காலத்தில், 147 நிலையங்களின் பதிவுகளைத் தன் ஓய்வு நேரத்தில் கையாலேயே கூட்டிக் கழித்து, நிலம் சூடாகி வருகிறது என்று காட்டினார். அப்போது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. அவருக்கு அந்த 147 பதிவேடுகள் எங்கிருந்து வந்தன? நாளைக்குப் பயன்படும் என்று தெரியாமலேயே எழுதி வைத்தவர்களிடமிருந்து. நம் சென்னை நுங்கம்பாக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் வானாய்வகம் கட்டியது. அங்கே 1796 முதல் கோல்டிங்ஹாம் வானிலைப் பதிவேடு எழுதத் தொடங்கினார். கம்பெனிக்குக் கப்பலும் வரியும்தான் கவலை. உலகம் சூடாகுமா என்று கோல்டிங்ஹாம் யோசித்திருக்க வழியில்லை. எழுதினார், அவ்வளவுதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வந்தபோது, அது உச்சம் என்று நாம் சொல்ல முடிந்ததே பின்னால் அத்தனை காலத்துப் பதிவு வரிசையாக நின்றதால்தான்.

ஒவ்வொரு கத்திரிக்கும், "இந்த வருஷம் மாதிரி வெயில் பார்த்ததே இல்லை" என்று நம் கேன்டீனில் சொல்வார்கள். 29 வருஷமும் சொன்னார்கள். சில வருஷம் பதிவேட்டைப் பார்த்தால் முந்தின வருஷத்தைவிடக் குறைவாக இருக்கும். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். உடம்பு போன வருஷத்து வெயிலை மறந்துவிடுகிறது.

வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. காலை ஒன்பது மணிக்கு நுழைவாயிலில் பிள்ளைகள் படும் பாட்டை நானும் பார்க்கிறேன். ஆனால் பழைய விடுதிக்கு வடக்கே, சுற்றுச்சுவரை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருக்கிற இடம் இதைப்போல மூன்று மடங்கு இருக்கும். எட்டுக்கு எட்டு மீட்டர் வேலிக்குள் எத்தனை வண்டி நிற்கும் என்று சுற்றறிக்கை எழுதியவர் எண்ணிப் பார்த்தாரா தெரியவில்லை. நெருக்கி வைத்தாலும் 40 நிற்காது.

ஆகவே நான் கேட்பது இது. கோடை விடுமுறையில் தொடங்கவிருக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். வாகன நிறுத்தத்தைப் பழைய விடுதிப் பக்கம் மாற்ற முடியுமா என்று பார்க்கும் வரைக்கும், புவியியல் துறையைக் கூப்பிட்டுப் பேசும் வரைக்கும் வேலிக்குள் யாரும் கடப்பாரை போடக்கூடாது. துறையை ஒரு வார்த்தை கேட்காமலே இந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது, அது சரியல்ல.

கண்டிப்பாக அந்த இடம்தான் வேண்டும் என்றால், பெட்டியைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் நட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஹாக்கி மைதானத்தின் தென்மேற்கு மூலையில் புதிதாக ஒரு பெட்டி வையுங்கள். பழையதும் புதியதும் இரண்டு முழு வருஷம், ஒரே நேரத்தில், சேர்ந்து படிக்கப்பட வேண்டும். அப்போதுதான் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மழைக்கு எவ்வளவு, பனிக்கு எவ்வளவு, கோடைக்கு எவ்வளவு என்று தெரியும். பழைய வரிசையைப் புதியதோடு முடிச்சுப் போடலாம். இல்லாவிட்டால் 1972லிருந்து வந்த கயிறு அங்கேயே அறுந்துவிடும். அந்த இரண்டு வருஷம் பைக்குகள் வெளியே நிற்கட்டும்.

பதிவேடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். வருஷத்துக்கு ஒன்றாக எல்லாம் துறை அலமாரியில் இருக்கின்றன. 1970களின் தாள்கள் தொட்டால் பொடிகின்றன. இரண்டு பதிவேடுகளில் கரையான் ஏறியிருக்கிறது. அலமாரியைக் காலி செய்யச் சொல்லி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் விடாமல், சிவப்பு மைக் குறிப்புகளோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தை நூலகத்தில் பூட்டி வையுங்கள், பிரதியை யார் கேட்டாலும் பார்க்கும்படி கல்லூரி இணையதளத்தில் போடுங்கள். எண்களைத் தட்டச்சு செய்ய நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். என் கையெழுத்தையும் எனக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்தையும் படிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

அளவெடுக்கிற தம்பிக்கு ஞாயிறுக்கும் விடுமுறை நாளுக்கும் படி எதுவும் கிடையாது. எனக்கும் இருந்ததில்லை, நான் கேட்டதில்லை. அவருக்காகக் கேட்கிறேன். அவர் வராத நாளுக்கு மாற்று ஆள் ஒருவரைப் பழக்கிவிட எழுத்தில் உத்தரவு போடுங்கள். அப்படியே அந்த இரண்டு ஏசி யூனிட்டையும் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள். 2013இல் கேட்டதை மறுபடி கேட்கிறேன்.

சுற்றறிக்கையில் 'பயன்பாட்டில் இல்லாத' என்ற சொல்லை நீக்கித் திருத்தம் வெளியிடுங்கள்.

இதற்கெல்லாம் ஏப்ரல் 30க்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், தேதியோடு, சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இயற்பியல் படித்த உறுப்பினர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு நாள் காலை எட்டரைக்குப் பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். தம்பி கதவைத் திறப்பார். குறியூசியை நீங்களே படியுங்கள், கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். படித்த எண்ணை உங்கள் கையாலேயே அன்றைய கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் துறையின் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்